எந்த மருந்து?

எங்கள் வீட்டில் யாரும் ‘மருந்து’ என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. காலையில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர், “மருந்து எங்கம்மா?” என்பார். “எந்த மருந்து?” என்பேன் நான். சீனி வருத்தத்துக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒரு குளிசை, முழங்காலில் தேய்க்க ஒரு தைலம், எல்லாமே அவருக்கு மருந்துதான். “எப்பவும் எடுக்கிறதுதான்” என்பார். “பேரைச் சொல்லுங்க, எடுத்துத் தாறேன்” என்பேன். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். தன்னையே வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனாலும் பெயரைச் சொல்லுவார்.

பதுளையில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில், ஆலைகளில் யாருக்காவது ஏதாவது நடந்துவிட்டால் போய், அது எப்படி நடந்தது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்பது என் வேலை. அதிலும் இரசாயனம் சம்பந்தப்பட்டது என்றால் என்னைத்தான் தேடுவார்கள். இப்போது சேவையில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டார்கள். அவர்கள் செல்பேசியிலேயே படம் பிடித்து, மறுநாளே அறிக்கையை அனுப்பிவிடுகிறார்களாம். நல்ல விஷயம், அதில் எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. ஆனால் படத்தில் விழாத ஒன்று உண்டு. விபத்துக்குச் சற்று முன்னால் ஒருவர் மற்றவரிடம் என்ன சொன்னார் என்பது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் மூக்கு எனக்குக் கிடைத்த முதல் கருவி. அப்பா பதுளை பஜாரில் கடை வைத்திருந்தார். கருவாடு, கற்பூரம், மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ். கண்ணைக் கட்டிவிட்டால்கூட எந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பல்கலைக்கழகம் போய் இரசாயனம் படித்ததெல்லாம் பிறகு வந்த கதை. வேலையில் சேர்ந்ததும் கொழும்பில் பயிற்சி கொடுத்தார்கள். கொதிகலன், மின்சாரம், சட்டம், பிரிவு, உபபிரிவு. பரீட்சை எழுதினேன், பரீட்சையோடு பாதி போயிற்று. பதுளைக்கு வந்த பிறகு எனக்கு வாய்த்த மேலதிகாரிதான் மிச்சமாக நின்றார்.

சிவஞானம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மலையில் அரை ஆயுளைக் கழித்தும் குளிர் பழகாதவர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அவர் பேசும் தமிழ் தோட்டத்து ஆட்களுக்குப் பாதி விளங்காது. அவர்கள் பேசுவது அவருக்குப் பாதி விளங்காது. அதனால் எதையும் இரண்டு தரம் கேட்பார். “நீங்கள் சொல்லுறது இதைத்தானே?” என்று கையால் தொட்டுக் காட்டிக் கேட்பார். சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். தமிழனுக்குத் தமிழில் என்ன இத்தனை சந்தேகம் என்று நினைப்பேன்.

அவருக்கென்று சில முறைகள் இருந்தன. போன இடத்தில் முதலில் தொழிலாளர்கள் தேநீர் குடிக்கும் இடத்தில் உட்கார்ந்து அவர்களோடு ஒரு பிளேன்டீ குடிப்பார். பிறகுதான் தோட்டத்தை நடத்தும் துரையின் அலுவலகம். கேள்வி கேட்கும்போது ‘ஏன்’ என்ற சொல்லை எடுக்கவே மாட்டார்.

“ஏன் எண்டு கேளாதையும் பிள்ளை” என்பார் என்னிடம். “ஏன் எண்டு கேட்டால் மனுசர் ஞாயம் சொல்லத் தொடங்கிவிடுவினம். பிறகென்ன நடந்தது எண்டு கேளும். அவையே எல்லாம் சொல்லுவினம்.”

சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெண்கட்டி வைத்திருப்பார். விபத்து நடந்த நேரத்தில் யார் யார் எங்கே நின்றார்களோ, அங்கே அவர்களை நிற்கச் சொல்லி, தான் தரையில் மண்டியிட்டு, அவர்களுடைய பாதத்தைச் சுற்றிக் கோடு கீறுவார். முதல் தடவை பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இதைப் பார்த்தேன். இலை கூட்டும் அம்மா ஒருவரின் காலடியில் இவர் போய்க் குனிந்ததும் அந்த அம்மா பதறிப்போய்ப் பின்னால் துள்ளினார்.

“ஐயோ சாமி, என்னா இது! நீங்க போய் என் கால…”

“ஒண்டுமில்லை அம்மா. நீங்கள் நிண்ட இடம் எனக்கு வேணும். அவ்வளவுதான்.”

கோடு கீறி முடித்ததும் அந்த அம்மாவை விலகச் சொல்லிவிட்டு, தன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கோட்டுக்குள் தானே ஏறி நிற்பார். அங்கிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, என்ன கேட்கிறது என்று பார்ப்பார். அங்கே நின்று பார்க்காமல் யாரைப் பற்றியும் ஒரு வரி எழுத மாட்டார். அதிகாரத்தோடு நடக்கும் எத்தனையோ பேரை என் வேலையில் பார்த்துவிட்டேன். மண்டியிட்டு நடந்த ஒரே அதிகாரி அவர்தான். அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகும்.

இனி அந்த விபத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. எழுதுவினைஞர் எடுத்துப் பேசிவிட்டு வந்து சொன்னார்: “மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துல ஒருத்தன் மருந்தால செத்துட்டானாம் சேர். நம்ம வேலை இல்ல, பொலிஸ் வேலை.”

தோட்டங்களோடு பழகாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிப்பதைத் தோட்டத்தில் மருந்து என்பார்கள். அந்த மருந்தைத் தொட்டு ஏதாவது செய்தி வந்தால், யாரோ மனம் வெறுத்துத் தன்னை முடித்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எழுதுவினைஞர் அப்படி எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அந்தத் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலும் அந்த நேரம் அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சிவஞானம் ஐயா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். “எந்த மருந்தாம்?”

“மருந்துதான் சேர்.”

“அதுதான், எந்த மருந்து? ஒருக்கால் எடுத்துக் கேளும் காணும்.”

எழுதுவினைஞர் முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. “ஸ்டோருக்குள்ளயாம் சேர். வேலை செய்யும்போதாம்” என்றார். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். உடனே ஜீப்பை எடுத்தோம்.

பசறை தாண்டி நமுனுகுல மலையைச் சுற்றிக்கொண்டு இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போகும். தேயிலை முடிந்து இறப்பர் மரங்கள் தொடங்கும். சிவஞானம் ஐயா மப்ளரைக் கழற்றும் ஒரே வீதி அது. அன்று அவர் அதைக் கழற்ற மறந்துவிட்டார்.

ஆலைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்தில் வெட்டி எடுத்த பாலை ஒரு கோடியில் இருக்கும் பெரிய தொட்டியில் சேர்ப்பார்கள். பால் நிறம் மாறாமல் வெள்ளையாக இருக்க ஒரு தூளைக் கரைத்து அதில் விடுவார்கள். பிறகு அந்தப் பால் மற்றக் கோடியில் இருக்கும் உறைய வைக்கும் தொட்டிகளுக்குப் போகும். அங்கே அசிட் விட்டால் உறையும். இரண்டுக்கும் நடுவில், உறைந்த பாலை அழுத்தித் தகடாக்கும் உருளைகள், அதுதான் மில், கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அசிட் கலப்பதற்கு உறையும் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. தாழ்ந்த கூரை, ஜன்னல் இல்லை, அசிட்டும் தண்ணீரும் கலந்து வைக்கும் ஒரு பீப்பாய்.

அந்த அறையில்தான் சந்திரன் விழுந்திருந்தான். பால் தொட்டியில் வேலை செய்கிறவன். அந்த வாரம் தோட்டத்துக் கோவிலில் திருவிழா. பந்தல் போட ஆட்கள் போய்விட்டதால் உறையும் பக்கத்துக்கு ஆள் இல்லை. அவனை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அசிட் அறைக்குள் போனவன் கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டு சரிந்துவிட்டான். அவனுடைய அக்கா காமாட்சி, அதே பக்கத்தில் வேலை செய்கிறவர், ஆளைக் காணவில்லையே என்று தேடிப்போய், உள்ளே ஓடி அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். லொறியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே சந்திரன் போய்விட்டான். காமாட்சி அக்கா தொண்டையும் நெஞ்சும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அறை வாசலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் கழிந்தும் அங்கே தொங்கிய ஈரச் சாக்கில் தீக்குச்சி உரசிய நெடி இருந்தது. அப்பாவின் கடையில், தீப்பெட்டி அலுமாரிப் பக்கம் யாராவது சுருட்டுப் பற்றவைத்தால் வருமே, அதே நெடி. பாலை வெளுக்க வைக்கும் தூளும் அசிட்டும் சேர்ந்தால் அந்த வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத அறையில், பீப்பாய்க்கு மேல் குனிந்து நிற்கும் ஒருவருக்கு அது போதும். பீப்பாய்க்குப் பக்கத்தில் பால் தொட்டிப் பக்கத்து வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

என்ன நடந்தது என்பது அவ்வளவுதான். அந்த வாளி ஏன் இந்தப் பக்கம் வந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆலைப் பொறுப்பாளர் சிங்களவர், கெட்ட மனிதர் இல்லை, இரவெல்லாம் தூங்காத கண்ணோடு நின்றார்.

“திருவிழாதானே மிஸ். அவன் கொஞ்சம் குடிச்சிருக்கும். அதுதான் மாத்தி ஊத்திட்டான்” என்றார்.

துரைக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது. தொழிலாளியின் கவனயீனம் என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் சுலபம்.

சிவஞானம் ஐயா அங்கே நின்ற பெண்களிடம் திரும்பினார். “தம்பி குடிக்கிறவரோ?”

“அவன் காப்பு கட்டியிருந்தான் சாமி” என்றார் ஒரு பெண், சட்டென்று கோபத்தோடு. “காவடி எடுக்கிறவன் குடிப்பானா? பச்சத் தண்ணிதான் குடிச்சிக்கிட்டு இருந்தான்.”

ஆலைப் பொறுப்பாளருக்குக் காப்பு என்றால் என்னவென்று நான்தான் சிங்களத்தில் சொன்னேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை இறைச்சி இல்லை, மது இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குத் தெரியாது மிஸ். நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது” என்றார். துரை அன்று மாலையே குடி என்ற விளக்கத்தைக் கைவிட்டார். ஆனால் வேறு விளக்கம் எங்களிடமும் இல்லை. அது காமாட்சி அக்காவிடம் இருந்தது. அவர் பேசவில்லை.

பேச முடியாமல் இல்லை. சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் கரகரத்தாலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் காமாட்சி அக்கா வாயைத் திறக்கவில்லை. அவருடைய புருஷன் ஆலைக்கு வந்து பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அழுதாராம். அதைக் கேட்ட சிவஞானம் ஐயா, “நீர் தனியப் போட்டு வாரும் பிள்ளை” என்றார். “நான் வந்தால் அது விசாரணை. நீர் போனால் ஒரு பொம்பிளை இன்னொரு பொம்பிளையைப் பாக்கப் போனது.” மேசை லாச்சியைத் திறந்து எனக்கு ஒரு வெண்கட்டி எடுத்துத் தந்தார்.

லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பிராவுக்குப் போனேன். காமாட்சி அக்கா அடுப்படியில் குந்தியிருந்தார். புருஷன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து சொன்னார்:

“இவ கூப்பிட்டா அடுத்த மலைக்குக் கேக்கும் மிஸ். மில்லு ஓடுற சத்தத்துலயும் இவ சத்தந்தான் கேக்கும், அதனாலதான் அந்தப் பக்கத்த இவகிட்ட விட்டிருந்தாங்க. இப்ப சோத்துக்குக்கூட யாரையும் கூப்பிடுறதில்ல. பக்கத்துல வந்து தொட்டுச் சொல்லுறா. புள்ளைக பயப்படுதுங்க.”

அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இந்த அக்கா யாரையோ கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டதற்காகத்தான் இனி யாரையும் கூப்பிடுவதில்லை என்று இருக்கிறார்.

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே எழுந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். குடித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. “அக்கா, அன்னைக்குக் காலைல தம்பி வேலைக்கு வந்தாருல்ல. பொறகு என்னா நடந்துச்சி?” என்றேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே, மண்ணில் சுரண்டுவது போன்ற ஒரு குரலில் சொன்னார்: “நாந்தான் மிஸ் கூப்பிட்டேன். ‘தம்பி, மருந்து கொண்டாந்து பீப்பாயில ஊத்துடா’ன்னேன். கொண்டாந்தான். ஊத்தினான்.” அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு, “தூக்கி வளத்தவ மிஸ் நான். நானே கூப்பிட்டுக் கொன்னுட்டேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதிகாரி அழக்கூடாது என்று எந்தப் பிரிவிலும் எழுதியிருப்பதாக எனக்கு ஞாபகம் இல்லை, அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே அந்தச் சொல் என் காதில் விழுந்து நின்றது. மருந்து. காமாட்சி அக்காவுக்கு மருந்து என்றால் அசிட். சந்திரனுக்கு?

மறுநாள் பிரட்டு முடிந்ததும், அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும், மில்லை ஓட்டச் சொன்னேன். காமாட்சி அக்கா வரச் சம்மதித்தார், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று நின்ற இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டு அவர் பாதத்தைச் சுற்றிக் கீறினேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் தலையில் கை வைத்து ஊன்றிக்கொண்டார். பிறகு என் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டுக்குள் நான் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் உருளைகள்தான் தெரிந்தன. பால் தொட்டியும் தெரியவில்லை, அசிட் அறை வாசலும் தெரியவில்லை. பின்னால் யார் எந்த வாளியோடு போகிறார் என்று தெரிய வழியே இல்லை. கேட்டது மில்லின் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தில் நீளமாக எதையும் சொல்ல முடியாது. ஒரு சொல்தான் போய்ச் சேரும்.

அடுத்தது சந்திரன் நின்ற இடம். அங்கே யாரை நிறுத்துவது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது காமாட்சி அக்காவே போய்ப் பீப்பாய்க்கு முன்னால் நின்றார்.

நான் கோடு கீறத் தொடங்கியதும், “என் காலு பத்தாது மிஸ்” என்றார். “அவனுக்குப் பெரிய காலு. பசறை டவுன்ல தேடியும் அவன் அளவுக்குச் செருப்பு கெடைக்காது.”

கோட்டைக் கொஞ்சம் தள்ளிக் கீறினேன்.

“இன்னுங் கொஞ்சம்” என்றார்.

இன்னும் தள்ளிக் கீறினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அந்தப் பெரிய கோட்டுக்குள் அவருடைய சின்னக் கால்கள் இருந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. ஆலையில் வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காமாட்சி அக்காவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டேன். “மருந்து எங்க இருக்குன்னு கையால காட்டுங்க.”

உறையும் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அசிட் நிரப்பிய கானைக் காட்டினார்கள். பால் தொட்டிப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தூள் கரைத்து வைக்கும் பீப்பாயைக் காட்டினார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுக் காட்டினார்கள். வெளியே மரத்தடியில் நின்ற, புல்லுக்கு அடிக்கிற ஆளைக் கேட்டேன். அவர் முதுகில் இருந்த தெளிக்கும் தாங்கியைத் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு இரசாயனம்தான், அதனால் அதற்கு ஒரே ஒரு பெயர் போதுமாக இருந்திருக்கிறது. ஆண்டாண்டுகளாக ஒரு குழப்பமும் வரவில்லை, ஏனென்றால் யாரும் பக்கம் மாறி வேலை செய்யவில்லை. திருவிழாவுக்கு ஆள் குறைந்த அந்த ஒரு நாள் சந்திரன் பக்கம் மாறினான். அக்கா மருந்து என்றார். அவனுக்குத் தெரிந்த மருந்தை அவன் கொண்டுபோனான்.

காமாட்சி அக்கா ஒவ்வொரு கையும் எங்கே நீளுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆளும் போன பிறகு என்னிடம் திரும்பினார்.

“அப்ப எல்லாருந்தான் அப்பிடிச் சொல்லிக்கிட்டு இருந்தோமா மிஸ்?”

“ஆமாக்கா. எல்லாருந்தான். உங்க எடத்துல யாரு நின்னிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. தம்பி எடத்துல யாரு இருந்தாலும் அதத்தான் கொண்டு வந்திருப்பாங்க.”

“ஆனா அன்னைக்குக் கூப்பிட்டது நாந்தான மிஸ்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கையைச் சிவஞானம் ஐயாவோடு உட்கார்ந்து எழுதினேன். துரையின் கடிதத்தில் கவனயீனம் என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயா அதைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினார். “இது காரணமில்லைப் பிள்ளை. காரணம் தேடிக் களைச்சுப்போன இடத்திலை மனுசர் எழுதுற சொல். நாங்கள் இன்னும் களைக்கேல்லை.” எங்கள் அறிக்கையில் அந்தச் சொல் வரவில்லை. அசிட்டைக் கட்டடத்துக்கு வெளியே, காற்று ஓடும் தனி அறைக்கு மாற்றச் சொன்னோம். அசிட் எடுக்கும் பாத்திரம் தூள் பீப்பாய்க்குள் நுழையாத அளவிலும் தூள் வாளி அசிட் அறை வாசலைத் தாண்டாத மாதிரி சங்கிலியிலும் இருக்க வேண்டும் என்றோம். துரை முகம் சுளித்தாலும் செய்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பெயர்தான் பெரிய வேலையாகப் போயிற்று. ஆங்கிலப் பெயரை எழுதி ஒட்டினால் முடிந்தது என்று துரை நினைத்தார். மில் சத்தத்தில் ஆங்கிலப் பெயரை யார் கத்துவது? ஆட்களே பெயர் வைக்கட்டும் என்றேன். பிரட்டுக்களத்தில் கூட்டம் கூடியது. அசிட்டுக்குப் ‘புளித்தண்ணி’ என்றார்கள் பெண்கள், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அன்று என்னோடு வந்திருந்த சிவஞானம் ஐயா மட்டும் மப்ளருக்குள்ளிருந்து, “புளித்தண்ணி எண்டால் ஆரும் ரசம் எண்டு குடிச்சுப்போடுவினம்” என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த விபத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. கடைசியில் அசிட்டுக்கு ‘எரிதண்ணி’, தூளுக்கு ‘நெடித்தூளு’ என்று முடிவானது. மில்லை ஓடவிட்டு ஒரு கோடியிலிருந்து கத்தி, மறுகோடியில் நிற்பவர் காதில் எது விழுகிறது என்று பார்த்தோம். இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. இன்னொரு சட்டமும் போட்டோம். கேட்டவர் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும், சொன்னவர் ஆமாம் என்ற பிறகுதான் காலை எடுத்துவைக்க வேண்டும். மருந்து என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் கேட்டவர் அசையக் கூடாது, “எந்த மருந்து?” என்று கேட்க வேண்டும்.

அந்தக் கத்திப் பார்க்கும் வேலையைக் காமாட்சி அக்காவைச் செய்யச் சொன்னார்கள். குரல் போய்விட்டாலும் பழக்கம் அவருக்குத்தானே என்றார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை.

பிறகும் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். காமாட்சி அக்கா வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஏதாவது வேண்டுமென்றால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய், ஆளின் தோளைத் தொட்டு, காதுக்குள் சொல்லிவிட்டு வருவார். “இப்பிடித்தான் மிஸ், நடையா நடக்கிறா” என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். சட்டம் வேலைசெய்தது, அறை மாறியது, அந்த ஆலையில் மறுபடி எந்த விபத்தும் நடக்கவில்லை. அக்கம்பக்கத்து ஆலைகளிலும் அதே முறையைக் கொண்டுவந்தோம். என் வேலை வாழ்க்கையில் நான் நிறைவோடு நினைப்பது அது. ஆனாலும் அந்த அக்கா நடப்பதைப் பார்க்கும்போது என் வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் தோன்றும்.

சிவஞானம் ஐயா ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். வருடங்கள் போயின. நானும் ஓய்வுபெறப்போகும் காலத்தில், சொல்லிவிட்டு வரலாம் என்று அந்தத் தோட்டத்துக்கு ஒரு முறை போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஆலை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. மில் ஓடிக்கொண்டிருந்தது.

மில்லுக்கு மேலால் ஒரு குரல் கேட்டது. கரகரத்த, உடைந்த குரல், ஆனால் கட்டடம் முழுக்கக் கேட்கும் குரல்.

“தம்பீ! எரிதண்ணி கொண்டாடா!”

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மறுகோடியில், தலை நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதர் நிமிர்ந்தார். “எரிதண்ணியாக்கா?”

“ஆமாடா, எரிதண்ணிதான்!”

அவர் வெளி அறைக்குப் போனார். காமாட்சி அக்கா இடத்தை விட்டு அசையாமல், அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி சரியான பாத்திரத்தோடு வந்தார், ஊற்றினார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பிப் போனார்.